இடப்பக்க நாடா

புரட்டாசி 1

மகாளய அமாவாசை. ஆண்டுதோறும் இந்த நாளில் என் வீட்டுக்காரர் விடியுமுன் எழுந்து சர்வதீர்த்தக் குளத்துக்குப் போய்விடுவார். இந்த ஆண்டு போகவில்லை. குளக்கரையில் கூட்டம் சேரக் கூடாது என்கிறார்கள். சொல்லாவிட்டாலும் நான் அனுப்பியிருக்க மாட்டேன். பின்கட்டில் துளசி மாடத்துப் பக்கம் தாம்பாளம் வைத்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அப்பா, தாத்தா, அதற்கு மேலே ஒருவர் என்று பெயர்களைத் தடங்கல் இல்லாமல் சொன்னார். அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரில் நின்றுவிட்டார். சமையலறையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பாட்டியை நான் பார்த்ததில்லை. மாமியார் சொல்லித்தான் தெரியும். வாழ்நாளெல்லாம் தறியில் இடப்பக்கம் உட்கார்ந்தவள்.

கதவைச் சாத்திக்கொண்டு ஆறு மாதம் ஆகிறது. தமிழ்நாட்டில் முதலில் கொரோனா நோய் கண்டவர் காஞ்சிபுரத்துக்காரர் என்று மார்ச் 7ஆம் தேதி தொலைக்காட்சியில் சொன்னார்கள். அவர் சில நாளில் குணமாகி வீடு திரும்பிவிட்டார். ஆனாலும் அந்த மாதம் முழுக்க, வெளியூர் உறவினர்கள் போனில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது.

வீட்டுக்காரருக்கு 69. எனக்கு 66. தறியை விட்டு நாலு வருஷம்.

புரட்டாசி 3

முதல் சனிக்கிழமை. செப்டம்பர் 1 முதல் கோயில்கள் திறந்தாயிற்று. பூ, தேங்காய் கொண்டு போகக் கூடாது. வாசலில் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிச் சூடு பார்க்கிறார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்று விதியில் இருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமையில் வரதரைப் பார்க்காமல் இருந்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

போன ஆண்டு இதே ஊர் எப்படி இருந்தது! 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதரை எழுந்தருளச் செய்தார்கள். ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். எங்கள் திண்ணையில்கூட ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இரண்டு ராத்திரி படுத்திருந்தது. 1979இல் வரதர் வெளியே வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். பெரியவள் இடுப்பில். அடுத்தது 2059. இரண்டு தடவை பார்த்துவிட்டோம், போதும் என்று அவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சொல்லவும் இல்லை.

மந்தாரை இலை கிடைத்தது. கோயில் இட்லி செய்தேன். மிளகும் சீரகமும் பொடித்து, சுக்கு கொஞ்சம் தூக்கலாக, நெய் விட்டு. கோயிலில் நீள மூங்கில் குடலையில் வேகும். என்னிடம் இருப்பது டம்ளர்தான். இலை வேகும் வாசனை எழுந்ததும் அவர் எழுந்து வந்து அடுக்களை வாசலில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

புரட்டாசி 9

வெள்ளிக்கிழமை. எஸ்.பி.பி. போய்விட்டார். எங்கள் தறிமேடையில் இருந்த டிரான்சிஸ்டரில் அவர் பாடாத நாள் கிடையாது. பாட்டுக்கு இடையில் அவர் சிரிக்கும் இடம் வந்தால் என் கை ஒரு கணம் தாமதிக்கும். வலப்பக்கத்திலிருந்து, "உம்" என்று ஒரு குரல் வரும்.

இன்று பகல் முழுக்கத் தெருவில் எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் அவர் குரல்தான். தறிச் சத்தம் இல்லாத தெருவில் அது தெளிவாகக் கேட்டது.

புரட்டாசி 12

தறிச் சத்தம் இல்லாததை எழுத வேண்டும்.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர்களுக்கு அது சத்தமே இல்லை. குழந்தையாக இருக்கும்போதே காதில் விழுந்து, காது அதை விட்டுவிடுகிறது. மார்ச்சில் பட்டும் ஜரிகையும் வரத்து நின்றது. பட்டு கர்நாடகத்திலிருந்து வர வேண்டும், ஜரிகை சூரத்திலிருந்து. பாவில் இருந்ததை நெய்து முடித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கல்யாணங்கள் தள்ளிப்போயின. காந்தி ரோடு கடைகள் சாத்தியிருந்தன. நெசவாளர் சங்கத்தில் புடவை தேங்கியது. ஏப்ரலில் ஒரு நாள் மத்தியானம் தெருவில் கடைசித் தறியும் நின்றபோது, நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. எதற்காக நின்றது என்று உடனே புரியவில்லை.

மணிமேகலை அமுதசுரபியோடு காஞ்சிக்கு வந்த கதையை அவர் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். மழை பொய்த்து ஊர் பசித்துக் கிடந்தபோது வந்தாள். நாலாம் வகுப்போடு நின்ற நான் இன்று இந்த நோட்டில் எழுதுகிறேன் என்றால், ராத்திரி தறி விளக்கை அணைத்த பிறகு நூலகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர் உரக்கப் படித்த வருஷங்கள்தான் காரணம். இந்த ஏப்ரலில் எங்கள் தெருவுக்கு வந்தது ரேஷன் கடையின் ஆயிரம் ரூபாயும் அரிசியும். வரிசையில் நிற்க மாவால் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் நின்ற பலர் என் வயதுப் பெண்கள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. கையைப் பார்த்து யார் யாரென்று அடையாளம் கண்டேன்.

புரட்டாசி 15

பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது! காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். ஆறு மாதம் கழித்து முதலாளி பாவு கொடுத்திருக்கிறார். மூன்று புடவைப் பாவு. தை மாதக் கல்யாணத்துக்கு. கோர்வை.

கோர்வை நெய்ய இரண்டு பேர் வேண்டும். புடவை வாங்குகிறவர்களில் பலருக்கு இது தெரியாது, சொல்லிவைக்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரையின் நிறம் உடலில் கலக்கக் கூடாது, உடலின் நிறம் கரையில் கலக்கக் கூடாது. அதற்காக மூன்று நாடா. வலக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, இடக்கரைக்கு ஒன்று. நெசவாளி வலப்பக்கம் உட்கார்ந்து மிதிப்பார். இடக்கரை நாடாவைப் போட இடப்பக்கம் இன்னொருவர். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று கோத்துக்கொண்டு அவரவர் வழியே திரும்ப வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் இப்படி. இழுத்துப் பிடித்தால் சுருங்கும், விட்டுக்கொடுத்தால் வாய் பிளக்கும். சரியாக நெய்த கோர்வையில் புடவை நைந்து போனாலும் கரை விட்டுப் பிரியாது.

இடப்பக்கம் உட்காருகிறவர் வீட்டு ஆளானால் கூலி தனியாக இல்லை. கூலி புடவைக்கு. சங்கத்துப் பாஸ் புத்தகத்தில் ஒரு பெயர்தான். அவர் நல்ல மனிதர், கூலியை அப்படியே என் கையில் கொடுப்பார். ஆனாலும் புத்தகத்தில் ஒரு பெயர்தான்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். முகம் பார்த்துக்கொண்டதில்லை. இரண்டு பேர் கண்ணும் நூலில் இருக்கும். அவர் கோபமாக இருக்கிறாரா, பசியோடு இருக்கிறாரா என்று பலகை அடிக்கும் சத்தத்தில் தெரிந்துகொள்வேன். தறியை விட்ட பிறகு அவர் கச்சபேசுவரர் கோயில் பக்கம் நண்பர்களோடு, நான் வீட்டில். இந்த ஆறு மாதமாகத்தான் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவருடைய இடப் புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. எப்போது வந்தது என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்குதே," என்றார்.

புரட்டாசி 20

நேற்று அடுத்த வீட்டுக்கு மோர் கொண்டு போனேன். தறியில் இடப்பக்கம் அவர்கள் வீட்டுப் பையன் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு.

அங்கே வழக்கமாக உட்காரும் ஆள் ஊரடங்கில் ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். பையனின் அம்மாவுக்கு முதுகு வலி, உட்கார முடியாது. பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது. "சும்மாத்தானே இருக்கான் பெரியம்மா. சொந்தப் புள்ளதானே," என்றார் அவன் அப்பா. கெட்ட மனிதர் இல்லை. ஏப்ரல் முதல் கடன் வாங்கியே அடுப்பெரிந்த வீடு.

சட்டமும் முழுக்க அவருக்கு எதிராக இல்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 2016இல் அதைத் திருத்தி, பதினாலு வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றார்கள். கூடவே, பள்ளி நேரம் போக, விடுமுறையிலும், குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். விடுமுறை ஆறு மாதமாகியும் முடியாமல் நீளும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

இந்த ஊர் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்ப எவ்வளவு பாடுபட்டது என்று எனக்குத் தெரியும். பெற்றவர்கள் முன்பணம் வாங்குவார்கள், பிள்ளை இடப்பக்கம் உட்கார்ந்து கழிக்கும். கழியவே கழியாது. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த சிறுவர்களைப் பற்றி ஓர் அறிக்கை போட்டது. காஞ்சிபுரமும் அதில் இருந்தது. பிறகு தெருத்தெருவாக மாலைப் பள்ளி, கணக்கெடுப்பு, ஆய்வு. எங்கள் தெருவில் கடைசியாக ஒரு பிள்ளை தறியிலிருந்து எழுந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

என்னை உட்கார வைத்தபோது எனக்கு ஒன்பது வயது. கால் மண்ணைத் தொடாது. அப்பா ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடும் சத்தம் கேட்கும். ஒரு காலால் தாவும்போது மண்ணில் பொத்தென்று விழும் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே நாடா போடுவேன். அப்பா அடித்ததில்லை. அதனால்தான் யாரிடமும் அழ முடியவில்லை.

ராத்திரி அவரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உனக்குச் சர்க்கரை இருக்குது," என்றார்.

நான் இன்னும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

புரட்டாசி 22

பையனின் இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

கூலி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆளுக்கு என்ன கொடுத்தாரோ அதைக் கொடுக்கச் சொன்னேன். தானமாகச் செய்தால் நாலு நாளில் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார், பையன் மறுபடி வந்து உட்காருவான். இன்னொரு பேச்சு: காலையில் நான் இங்கே வரும்போது பையன் என் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் கல்வித் தொலைக்காட்சி வருகிறது. தாத்தா இருக்கிறார்.

புடவையின் அகலம் நாலடி. அரசாங்கம் சொல்லும் இடைவெளி ஆறடி. விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கோர்வைத் தறியில் விலகியிருக்க வழியில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்துக்கொள்கிறோம். நூலைப் பார்க்கக் குனிந்தால் என் மூச்சே கண்ணாடியில் படிகிறது.

கை மறக்கவில்லை. இடுப்பு மறந்துவிட்டது.

வீடு திரும்பியதும் அவர் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரோடு வாசலிலேயே நிற்கிறார். 97. "நேத்து 98," என்கிறார். கை கழுவி, புடவை மாற்றி, உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்புளித்து, கபசுரக் குடிநீர் குடித்த பிறகுதான் உள்ளே விடுகிறார். பயந்திருக்கிறார். போகாதே என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

புரட்டாசி 27

பையன் கணக்கில் விகிதம் புரியாமல் முழித்திருக்கிறான். தொலைக்காட்சி ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அதை நிறுத்திக் கேட்க முடியாது. இவர் பரண் மேலிருந்து பழைய கட்டக் காகிதங்களை எடுத்திருக்கிறார். ஜக்கார்டு அட்டை குத்துவதற்காக வரைந்தவை. மயில், யாளி, கோபுரக் கரை. ஒரு கட்டம் எத்தனை இழை, கரை அரை அடியானால் கோபுரம் எத்தனை கட்டம் ஏறும் என்று கணக்குப் போட வைத்திருக்கிறார்.

இவருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. மற்றக் கண்ணுக்கு மே மாதம் தேதி கொடுத்திருந்தார்கள். அவசரமில்லாத அறுவைகளை நிறுத்தியபோது அதுவும் தள்ளிப்போயிற்று. காகிதத்தில் கட்டம் தெரியவில்லை. விரலை வைத்து, "இங்க என்னா நிறம் போட்டிருக்குது சொல்லு," என்று பையனைக் கேட்கிறார். பையன் சொல்கிறான். இப்படி இருவருமாக ஒரு யாளியைப் படித்து முடித்திருக்கிறார்கள்.

ஐப்பசி 3

கைலாசநாதர் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். இன்று போகவில்லை, நினைத்துக்கொண்டேன். ராஜசிம்மன் கட்டியது. முன்னால் வரிசையாக நிற்கும் சின்னக் கோயில்களில் ஒன்று அவன் ராணி ரங்கபதாகை கட்டியது. கல்வெட்டில் அவள் பெயர் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷமாக அந்தப் பெயர் வெயிலில் நிற்கிறது. உள்ளே வீணையோடு அமர்ந்த அர்த்தநாரி உண்டு. பெண்பாகம் இடப்பக்கம்.

அதன் முன்னால் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். வலக்கை ஒரு வேகத்தில், இடக்கை ஒரு வேகத்தில் வாசிக்க முடியாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

ஐப்பசி 12

வடகிழக்குப் பருவமழை இன்று தொடங்கிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். நெசவுக்கு ஆகாத காலம். தெருவில் பாவு நீட்ட முடியாது. ஈரத்தில் பட்டு கனத்துவிடும், இழை ஒட்டும். குழித்தறியில் கீழேயிருந்து தண்ணீர் ஊறும். என் மாமியார் காலத்தில் ஐப்பசியில் கால் விரலிடுக்கில் மஞ்சள் பூசிக்கொண்டுதான் குழியில் இறங்குவார்கள்.

முதல் புடவை அறுத்தாயிற்று. அரக்கில் மாம்பழ நிறக் கரை. கூலி வாங்கினேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிறிது நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி 29

தீபாவளி. மகள் தாம்பரத்தில். இ-பாஸ் இல்லாமலே இப்போது வரலாம். வரவேண்டாம் என்று நாங்கள்தான் சொன்னோம். நான் தினமும் இன்னொரு வீட்டில் மூச்சுவிட்டு வருகிறவள். போனில் முகம் பார்த்தோம். பேத்தி புதுப் பாவாடையைச் சுற்றிக் காட்டினாள்; படம் நின்று நின்று வந்தது.

அவர் எனக்கு எண்ணெய் வைத்துவிட்டார். கல்யாணமான முதல் தீபாவளிக்குப் பிறகு இன்றுதான். கை தலையில் மெதுவாகப் போயிற்று. ஏகாம்பரநாதர் கோயில் மாவடியில் எங்களுக்குத் தாலி கட்டியது. அம்பாள் மணலில் லிங்கம் பிடித்து வைத்துப் பூசை செய்கிறாள். கம்பையில் வெள்ளம் வருகிறது. லிங்கம் கரைந்துவிடுமே என்று அவள் கட்டிக்கொள்கிறாள். தழுவக் குழைந்தவர் என்று பெயர் வந்தது. கல்யாணத்தன்று குருக்கள் சொன்ன கதை. வெள்ளம் வந்தால் எல்லோரும் ஓடுவார்கள், இவள் ஓடவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். யாரையும் தொடாதே என்று ஊரெல்லாம் சொல்லும் இந்த வருஷத்தில், அவள் கையை மட்டும் நினைத்துக்கொள்கிறேன். பயந்துபோன கைதான் அப்படிப் பிடிக்கும்.

கார்த்திகை 10

நிவர் புயல். நேற்று சாயங்காலம் மின்சாரம் போவதற்குள் கொஞ்சமாவது ஓட்டிவிடலாம் என்று நெய்தோம். மூன்றாவது புடவை. காற்று ஜன்னலை அடித்தது. சாத்தினால் மூச்சுக்குப் பயம், திறந்தால் சாரல் பாவில். சாத்தினோம். என் கவனம் வீட்டில் இருந்தது: பின்கட்டு ஓடு தாங்குமா, அவர் தனியாக ஏணியில் ஏறிவிடுவாரா. ஒரு கையளவு நெய்திருப்போம், விளக்கு போயிற்று.

இன்று விடுமுறை விட்டிருக்கிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்களாம். தாம்பரத்தை நினைத்தால் 2015 வெள்ளம் ஞாபகம் வருகிறது. மகள் மாடி வீட்டில்தான் இருக்கிறாள். ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடக்கும் என்கிறார்கள். அகல் விளக்கில் எழுதுகிறேன். அவர் படுக்கவில்லை. பின்கட்டில் சொட்டுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டு, சத்தத்தை வைத்து எது நிரம்பியது என்று கண்டுபிடித்து மாற்றிக்கொண்டிருக்கிறார்.

கார்த்திகை 12

குழியில் முழங்கால் அளவு தண்ணீர். பாவு மேலே இருந்ததால் தப்பித்தது. பையனும் அவன் அப்பாவும் சொம்பால் இறைத்தார்கள். பையன் பள்ளிக்கூடம் எப்போது என்று கேட்டான். ஒன்பதாம் வகுப்புக்கு மேலே நவம்பர் 16இல் திறப்பதாக இருந்தது, அதையும் நிறுத்திவிட்டார்கள். ஏழாம் வகுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்தப் பாவு இன்றைக்கோ நாளைக்கோ முடிகிறது. அடுத்த பாவு வந்தால் நான் வருவேன் என்று அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் இறைத்தார்.

கார்த்திகை 14

திருக்கார்த்திகை. சாயங்காலம் மூன்றாவது புடவையை அறுத்தோம். அவரையும் வரச் சொன்னேன். முகக்கவசத்தோடு வந்து தறிமேடையில் உட்கார்ந்தார். நாலு வருஷம் கழித்து ஒரு தறிக்குப் பக்கத்தில்.

புடவையை மடியில் விரித்துக்கொடுத்தார்கள். கண்ணுக்கு எடுத்துப் போகவில்லை. புரட்டிப் பின்பக்கத்தை மேலே வைத்து, இடக்கரை சேரும் இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். வெளியே பையன் வாசலில் அகல் வைத்துக்கொண்டிருந்தான். விரல் நகர்ந்தது, நகர்ந்தது, ஓரிடத்தில் நின்றது. திரும்பிப் போய் மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

"இது புயல் அன்னிக்கு நெய்ததா?"

"முந்தின நாள் சாயங்காலம்," என்றேன்.

"உம்," என்றார். விரல் மறுபடி நகர்ந்தது.